சாம்பல் மேல் சாம்பல்

வெள்ளை அட்டை. அதில் கன்னங்கரேலென்ற எழுத்துகள். மேலே டியூப்லைட். டிரைவர் அண்ணன் கடைசி வரிவரை ஒரே மூச்சில் படித்தார். கண் டாக்டர் தகுதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும், "பாத்தியாடா, கழுகுக் கண்ணு" என்று என் முதுகில் தட்டினார். முந்தின சாயங்காலம்தான், கம்பளி போர்த்திக்கொண்டு சாலையில் நடந்த ஒரு ஆளின் மேல் பார்க்காமல் வண்டியை ஏற்ற இருந்தார். நான் கத்தியதால் அந்த ஆள் பிழைத்தான்.

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை போகும் சாயங்கால பஸ்ஸில் நான் கண்டக்டர். வளைவுகள் தொடங்கும்போது பொழுது சாயும். தார் ரோடு, எருமை, கம்பளி, பனி எல்லாம் ஒரே சாம்பலாகிவிடும். வெளிச்சம் குறையக் குறைய ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துப் பார்ப்பது யாருக்குமே கஷ்டம். எனக்கும் நேராக உற்றுப் பார்த்தால் எதுவும் தெரியாது. சற்றுத் தள்ளிப் பார்த்தால் ஓரக்கண்ணில் ஏதோ அசையும். அண்ணனுக்கு அந்த ஓரமும் போய்விட்டிருந்தது. பக்கவாட்டில் டீ கிளாஸை நீட்டினால், கையில் படும்வரை தெரியாது. கறுப்பு எழுத்தைப் படிக்கத் தெரிந்தவனுக்குச் சாம்பலில் சாம்பல் தெரியும் என்று எந்த மடையன் முடிவு செய்தானோ!

அதனால் இரண்டாவது வளைவுக்குள் டிக்கெட் போட்டு முடித்து, முன்னால் வந்து நின்றுகொள்வேன். இடப்பக்கம் ஏதாவது அசைந்தால் அண்ணன் பக்கத்திலிருக்கும் இன்ஜின் பானெட்டில் ஒரு தட்டு. வலப்பக்கம் என்றால் இரண்டு.

"இன்னா கண்டக்டரே, மேளம் தட்டிக்கினே வர்ற?" என்பார்கள் பயணிகள்.

"கல்யாணத்துக்கு ஒத்திகை பாக்குறான்ங்க" என்பார் அண்ணன். பஸ்ஸே சிரிக்கும். நான் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்க மாட்டேன்.

எட்டு மாதம் இப்படியே ஓட்டினோம். ஒருநாள் என்னைச் சின்னசேலம் வண்டிக்கு மாற்றிவிட்டு, மலை வண்டிக்குப் புதுப் பையனைப் போட்டார்கள். அவனுக்குத் தட்டு தெரியாது. பஸ் ஸ்டாண்டில் அண்ணனைத் தனியாக இழுத்துப் போனேன்.

"இன்னிக்கு லீவு போட்டுடுண்ணே."

"ரிட்டயராவ இன்னும் நாலு வருசந்தான்டா. நீ வாயத் தொறந்தீனா என் வூட்ல அடுப்பு எரியாது."

"பஸ்ல வர்றவங்க வூட்ல?"

அண்ணன் போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். இன்ஜின் சத்தம் கேட்டதும் என் கால் தானாக ஓடியது. டைம் கீப்பர் முன்னால் நின்று கத்தினேன்: "அவருக்குப் பொழுது சாஞ்சா கண்ணு தெரியலைங்க. வண்டிய எடுக்க வுடாதீங்க."

இன்ஜின் நின்றது. அண்ணன் இறங்கினார். சாவியை டைம் கீப்பர் மேசையில் வைத்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

தினமும் எங்கள் வண்டியில் மலைக்குத் திரும்பும் கூடைக்காரம்மா ஜன்னல் வழியே எல்லாவற்றையும் கேட்டிருந்தார். இடுப்புப் பிள்ளையோடு இறங்கி, அண்ணனை விட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"இத்தினி நாளா தெரிஞ்சிக்கினேவா எங்கள ஏத்திக்கினு போன?"

சின்னசேலம் வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி ஏறிக்கொண்டேன். நேரம் ஆகவில்லை. இன்னும் கால் மணி இருந்தது.