கண்கள் மட்டும் அவருடையவை

சின்னக்கருப்பு ரோட்டில் நடக்கும்போது தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டேதான் போவார். எதிரே கொலுசுச் சத்தம் கேட்டால் சட்டென்று ஓரம் ஒதுங்கி, வேலிக்குள் எதையோ தொலைத்தவர் மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். சத்தம் கடந்த பிறகுதான் மறுபடி நடை. சுருளிப்பட்டியில் பஸ் ஏறினால் கம்பம் வரைக்கும் படிக்கட்டை ஒட்டி நின்று வெளியே ஓடுகிற தென்னைகளைப் பார்த்துக்கொண்டு வருவார். இடம் காலியாக இருந்தாலும் உட்காருவதில்லை. பக்கத்தில் ஒருத்தர் வந்து உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, எழுந்து போவதைவிட நின்றுகொண்டே வருவது தேவலை.

ஐம்பதைத் தாண்டிய ஆள். திராட்சைத் தோட்டத்தில் கொடியைக் கழித்துக் கவாத்து வெட்டுவதும் மருந்தடிப்பதும் வேலை. பந்தலுக்குள் நுழைந்துவிட்டால் நாள் முழுக்க அண்ணாந்தே நிற்கவேண்டும். அங்கே மட்டும்தான் அவர் நிமிர்ந்து பார்க்கிறார். கொடியும் கொத்தும் யாரிடமும் போய் எதுவும் சொல்வதில்லை. ஒட்டிய கன்னம், அதற்குமேல் முகத்துக்குப் பொருந்தாத அளவில் இரண்டு பெரிய கண்கள். மனிதரைக் கெடுத்தது அந்தக் கண்கள்தான்.

நாலு வருடத்துக்கு முன்னால் அதே தோட்டத்துக்குப் படப்பிடிப்புக்கு ஆட்கள் வந்தார்கள். இந்தப் பக்கம் அது அதிசயமில்லை. மலையும் பச்சையும் தேடி யாராவது வந்துகொண்டேதான் இருப்பார்கள். இந்த டைரக்டர் மலையைப் பார்க்காமல் பந்தலுக்கடியில் நின்ற சின்னக்கருப்பின் கண்களைப் பார்த்தார். “அண்ணே, உங்களுக்கு நல்ல பசி. எதிர்ல சோறு இருக்கு. அதைப் பாக்கணும். அவ்வளவுதான்” என்றார். அன்று காலையிலிருந்து சாப்பிட வேண்டாமென்றும் சொல்லிவிட்டார்கள். வெயில் உச்சிக்கு ஏறின பிறகு, கேமராவுக்குப் பின்னால் ஒருவன் தாம்பாளம் நிறைய பிரியாணியைத் தூக்கிப் பிடித்தான்.

“மேல ஒரு நல்லி எலும்பு நின்னுச்சுங்க, கொடிக்கம்பம் மாதிரி. அதத்தேன் பாத்தேன்” என்பார் சின்னக்கருப்பு.

பார்த்த பார்வையில் டைரக்டர் கையைத் தட்டிவிட்டார். மனிதனுக்குள்ளே உறங்குகிற மிருகத்தை அண்ணன் எழுப்பிக் காட்டிவிட்டார் என்று கட்டிப்பிடித்தார். இவருக்கு அதில் ஒன்றும் விளங்கவில்லை. தட்டைக் கையில் கொடுத்தார்கள், வாங்கித் தின்றார். எலும்பை உறிஞ்சிவிட்டுத் தோட்டக்காரரிடம், “அம்புட்டு நல்ல மனுசருக” என்றும் சொன்னார்.

படம் கம்பத்தில் வெளியானபோது ஒரு வேன் பிடித்துச் சொந்தபந்தத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார். உத்தமபாளையத்தில் கட்டிக்கொடுத்திருந்த ஒரே தங்கச்சி ஹேமாவதி, அவள் புருஷன் சுரேஷ்கண்ணன், மாமியார் சோணையம்மாள், அத்தனை பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். திரை முழுக்கச் சின்னக்கருப்பின் கண்கள் வந்தன. இவர் விசிலடிக்க விரலை வாய்க்குக் கொண்டுபோனார். அடுத்து வாய்க்காலில் ஒரு சின்னப் பெண் குளித்துக்கொண்டிருந்தாள். மறுபடி அதே கண்கள். பிறகு பந்தலுக்குள் அவள் ஓடுகிறாள், பின்னால் இரண்டு கால்கள் துரத்துகின்றன, ஒரு கை அவள் வாயைப் பொத்துகிறது.

காலும் கையும் எவனுடையதோ. கண்கள் மட்டும் அவருடையவை. அதைத் தியேட்டரில் யாரிடம் போய்ச் சொல்வது? சோணையம்மாள் எழுந்து வெளியே போய்விட்டார். ஹேமாவதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சின்னக்கருப்பு கடைசி வரைக்கும் நகரவில்லை. “அந்தப் பிரியாணித் தட்ட எங்கனயாச்சும் காமிப்பாகன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். காமிக்கவே இல்ல” என்பார்.

வாரப் பத்திரிகை ஒன்று, ஆதிமனிதனின் இச்சை முழுவதும் அந்த இரண்டு கண்களில் திரண்டு நிற்பதாகப் புகழ்ந்து எழுதியது. ஒரு வகையில் பொய்யில்லை. பசியும் ஆதியிலே வந்ததுதான். ஆனால் பசித்தவனைக் கண்டு யாரும் மகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவதில்லை. அந்தத் துண்டுக்காட்சி இன்றைக்கும் செல்போன் செல்போனாகச் சுற்றுகிறது. இளவட்டங்கள் தோளில் கைபோட்டு, “அண்ணே, அந்தப் பார்வை ஒண்ணு குடுங்க” என்று செல்ஃபி கேட்கிறார்கள். டீக்கடையில் ஒருநாள் நடந்ததை விளக்கிப் பார்த்தார். “கறியப் பாத்தா அப்பிடியாய்யா பாப்பாக?” என்று ஒருவர் கேட்க, கடையே சிரித்தது. அதோடு விளக்குவதை விட்டுவிட்டார். தங்கச்சியைக் கரையேற்றிவிட்டுத் தனக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்ட கல்யாணமும் அப்படியே நின்றுபோனது. கல்யாணமாகாத ஆள் என்பது வேறு இப்போது ஊர் வாயில் ஒரு சாட்சி.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வார். தாங்க முடியாதது, அவருக்கே வந்துவிட்ட சந்தேகம். கண்ணாடியில் தன்னைப் பார்த்து, அந்த மிருகம் எங்கே இருக்கிறது என்று தேடியிருக்கிறார். “ஒருவேளை எனக்குள்ளயும் கெடக்குமோ? இல்லாமயா அத்தன பேரும் சொல்லுவாக?” என்று ஒருமுறை ஹேமாவதியிடமே கேட்டார். அவள் அழுதாள்; இல்லை என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து வீட்டில் கண்ணாடி கிடையாது. சவரக்கடையில் நாற்காலியில் உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொள்வார். காசு கொடுக்கும்போதுதான் திறப்பார்.

மிச்சமிருந்த ஒரே ஆசை ஹேமாவதியின் மகள் ஓவியா. அவளுக்கு மூன்று வயது, எந்தப் படமும் பார்த்ததில்லை. தாயோடு ஊருக்கு வந்தால் நேரே தோட்டத்துக்கு ஓடிவந்து, மாமன் முன்னால் நின்று “ஆ” என்று வாயைத் திறப்பாள். அவர் திராட்சையின் தோலை உரித்து, விதையை நெம்பியெடுத்து ஊட்டுவார். நிமிர்ந்து பார்க்கக் கூச்சப்படாத ஒரே மனித முகம் அது. அவளுக்குக் காது குத்தப் போகிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து ஆள் தரையில் நடக்கவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்தவேண்டும். படம் வருவதற்கு முன்னால் மூத்தவன் சசிதரன் அப்படித்தான் இவர் மடியில் உட்கார்ந்து வேட்டியை நனைத்தான். அந்த ஈர வேட்டியோடு அன்றைக்கெல்லாம் பந்தி விசாரித்தார்.

போன ஆவணியில் உத்தமபாளையத்துக்காரர்களின் குலதெய்வக் கோயிலில் விசேஷம். பட்டுப்பாவாடை, வெள்ளிக் கொலுசு, ரோஜா மாலை, தான் கவாத்து வெட்டி விளைந்த பன்னீர் திராட்சை ஒரு பெட்டி என்று சீரோடு போய் இறங்கினார். காது குத்தி முடியும்வரை பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாதென்று அவராகவே ஒரு விரதம். மணையில் உட்காரப் போனவரைச் சுரேஷ்கண்ணன் தனியே கூப்பிட்டான்.

“மச்சான், தப்பா எடுத்துக்கிறாதீக. அம்மா ஒத்துக்கிற மாட்டேங்குறாக. உங்க சித்தப்பா மகன் பொன்னுராஜ் ஒக்காரட்டும்.”

“மாப்ள, அவ எம் மடியில வளந்த தங்கச்சி வயித்துப் பிள்ளைய்யா.”

“தெரியும் மச்சான். வந்த சனம் பூராம் போனத் தூக்கிக்கிட்டு நிக்கிது. பொம்பளப் பிள்ள. நாளைக்கு அந்த வீடியோவோட இதையும் ஒட்டிச் சுத்த விட்டா?”

சின்னக்கருப்பு தங்கச்சியைத் தேடினார். ஹேமாவதி கண்டும் காணாதவளாகக் குழந்தைக்கு மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். இவர் சீர்த்தட்டைப் பொன்னுராஜ் கையில் கொடுத்துவிட்டு வேப்பமரத்தடிக்குப் போனார். குழந்தை வீறிட்டபோது இவர் கை தன்னையறியாமல் தன் காதைப் பொத்தியது.

கடைசிப் பந்தியில், வரிசையின் கடைசியில் உட்கார்ந்தார். இலையில் சோறு விழுந்தது; கறி விழுந்தது; குழம்புக்கு மேலே ஒரு நல்லி எலும்பு நின்றது. காலையிலிருந்து காய்ந்த வயிறு. பார்த்துவிட்டார். எதிர்வரிசையில் இருந்த ஒரு பெண் அந்தப் பார்வையை அடையாளம் கண்டு, பக்கத்திலிருந்த தன் மகளைச் சட்டென்று முதுகுப்பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து ஓவியா ஓடிவந்தாள். சிவந்து வீங்கிய காதுகளில் புதுத்தோடு. மாமன் இலைக்கு முன்னால் நின்று “ஆ” என்று வாயைத் திறந்தாள்.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்னக்கருப்பு கறியை எலும்பிலிருந்து பிய்த்தார். சோற்றோடு பிசைந்து சின்னதாக உருட்டினார். பிறகு, சவரக்கடையில் மூடுவதுபோல, இரண்டு கண்களையும் இறுக்க மூடிக்கொண்டு கையை மட்டும் நீட்டினார்.

சுரேஷ்கண்ணன் அதற்குள் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அது தெரியாமல், மூடிய கண்ணோடு, உருண்டையை ஏந்திய விரல்கள் அந்தச் சின்ன வாயைத் தேடி இங்கும் அங்கும் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன.