சைடுகாரின் வெள்ளை விளக்கு

என் மனைவிக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோன பிறகு பைக்கின் பின்சீட்டில் ஏறி உட்கார முடியாமல் போயிற்று. நாங்கள் இரண்டு பேரும் எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரே பட்டாசுக் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறோம். எனக்கு ஸ்டோர், அவளுக்கு லேபிள் ஒட்டுகிற ஷெட். கம்பெனி வேனின் படியும் அவளுக்கு உயரம். அதனால் சிவகாசியில் ஒரு பட்டறையில் சொல்லி, என் பழைய பைக்குக்கு இடது பக்கமாக ஒரு சைடுகார் செய்து மாட்டினேன். ஒரு ஆள் காலை நீட்டி உட்காரலாம். முதல் நாள் அவளை அதில் வைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தபோது, டீக்கடையில் இருந்தவர்கள், "என்ன மாமா, அத்தையைத் தேர்ல ஏத்திட்டீகளா" என்று கேட்டார்கள். அவள் முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

சைடுகாரை ஆர்.சி. புக்கில் ஏற்றுவதற்காக விருதுநகருக்குக் கொண்டுபோனேன். முகப்பில் அம்மன் படம் ஒட்டி, விபூதிப் பட்டை போட்டு, எலுமிச்சம்பழம் கட்டியிருந்தேன். பிரேக் இன்ஸ்பெக்டர் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "எல்லாம் இருக்கு, விளக்கு எங்க?" என்று கேட்டார். பைக்கிலேதான் ஹெட்லைட் இருக்கிறதே சார் என்றேன். அவர் கோபப்படவில்லை. சைடுகாரின் வெளி ஓரத்தில் முன்னால் வெள்ளை விளக்கு ஒன்று, பின்னால் சிவப்பு விளக்கு ஒன்று, சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒன்று வைத்துக்கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார். கிளம்பும்போது கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னார்.

"இது நீங்க ரோட்டைப் பார்க்கிறதுக்கு இல்லைய்யா. உங்க வண்டி எம்புட்டு அகலம்னு எதிர்ல வர்றவன் பார்க்கிறதுக்கு. ஒத்த லைட்டு எரிஞ்சா பைக்குன்னு நினைச்சு, அதுக்குத் தக்கனதான் ஒதுங்குவான்."

எனக்குப் படிப்பு எட்டோடு சரி. ஆனால் இது புரிந்தது. புரியவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு வழியில்லை.

விளக்குகளை மாட்டினேன். பைக்கிலிருந்து சைடுகாருக்கு ஒரு ஒயர் வந்து, நடுவில் ஒரு பின்னில் சொருகியிருக்கும். அந்தப் பின் கொஞ்ச நாளிலேயே லூசாகிவிட்டது. ஒருநாள் காலை கம்பெனி கேட் முன்னால் அதில் சின்னதாக ஒரு பொறி தெறித்தது. வேறு ஊரில் என்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். எங்கள் பக்கம் அப்படி இல்லை. வாட்ச்மேன் பாம்பைக் கண்டவர்போலப் பின்வாங்கி, என்னை வண்டியோடு சேர்த்து நூறு அடி தள்ளிப் போகச் சொன்னார். அவர் சொன்னது நியாயம். அன்றிலிருந்து தார் ரோட்டை விட்டுக் கம்பெனி மண்பாதையில் திரும்பும்போதே ஒயரைப் பிடுங்கிவிடுவேன். சாயங்காலம் தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி சொருக வேண்டும்.

சில நாள் சொருகினேன். பல நாள் சொருகவில்லை. இறங்கிக் குனிவதற்குச் சோம்பல், அவ்வளவுதான். புதுப் பின் மாற்றினாலும் வேலை முடிந்துபோகும். அதையும் இன்று, நாளை என்று தள்ளிப் போட்டேன். சைடுகாருக்குள் இருந்து அவள், "ஒயரைச் சொருகிட்டீகளா?" என்று கேட்பாள். ஊர் வரைக்கும் வெளிச்சம் இருக்கும், பேசாமல் வா என்பேன்.

மார்கழி பிறந்த சமயம். நான் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தேன். எனக்கு அது பதினோராவது வருஷம். எங்கள் குழுவில் அந்த வருஷம் ஒரு கன்னிசாமியும் இருந்தார். எங்கள் தெருக்காரர்தான், லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். முன்னால் பெருங்குடிகாரர். மாலை போட்ட நாளிலிருந்து ஒரு சொட்டுத் தொடவில்லை. அதை நம்பினவர்களும் உண்டு, இது எத்தனை நாளைக்கு என்று சிரித்தவர்களும் உண்டு.

அன்றைக்குத் தூறல். ஆறு மணிக்கே இருட்டிவிட்டது. ஒயர் சொருகாமல்தான் வந்தேன். கண்மாய்க் கரைத் திருப்பத்தில், ரோட்டின் இடது ஓரமாக எதிரே ஒரு ஆள் நடந்து வந்தார். என் ஹெட்லைட்டைப் பார்த்து ஒரு எட்டு ஒதுங்கினார். பைக்குக்கு அந்த ஒரு எட்டு போதும். சைடுகாரின் மூலை அவரை இடித்து ரோட்டோர ஓடைக்குள் தள்ளிவிட்டது. வண்டியை நிறுத்திப் பார்த்தால், எங்கள் கன்னிசாமி. கண்மாயில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்திருக்கிறார். வலது மணிக்கட்டு கோணிக்கொண்டிருந்தது.

அவரைத் தூக்குவதற்கு முன்னால் நான் செய்ததை எழுதத்தான் இத்தனை எழுதினேன். டீக்கடைப் பக்கமிருந்து ஆட்கள் ஓடி வருகிற சத்தம் கேட்டது. நான் குனிந்து ஒயரைச் சொருகினேன். வெள்ளை விளக்கு எரிந்தது. அதற்குப் பிறகுதான் ஓடையில் இறங்கினேன். என் மனைவி சைடுகாருக்குள் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்தவர்கள் இவ்வளவு வெளிச்சம் கண்ணுக்குத் தெரியவில்லையா என்று அவரைத்தான் ஏசினார்கள். அவர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒத்த லைட்டுதான் சாமி தெரிஞ்சது. பைக்குன்னு ஒதுங்குனேன்" என்றார். கூட்டத்தில் ஒருத்தன் சொன்னான்: "தண்ணி போட்டா ஒண்ணு ரெண்டாத் தெரியும்பாக. இவனுக்கு ரெண்டு ஒண்ணாத் தெரிஞ்சிருக்குலே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெரிதாக இல்லை, ஆனால் சிரித்தேன்.

என் மனைவியை இறக்கிவிட்டு, அவரை அதே சைடுகாரில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நல்ல மனுஷன் என்று அதற்கும் எனக்குப் பேர் கிடைத்தது.

இரண்டு நாள் கழித்து, பஜனை முடிந்ததும் எங்கள் குருசாமி என்னையும் கன்னிசாமியையும் நிறுத்தினார். ஊரெல்லாம் பேச்சாக இருக்கிறது, மாலையோடு குடித்தவரைக் கூட்டிக்கொண்டு எப்படி மலையேறுவது என்றார். குடிக்கவில்லை என்று கன்னிசாமி சொன்னார், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. குருசாமி என் பக்கம் திரும்பினார்.

"நீங்கதான் தூக்குனீக. வாடை எதுவும் அடிச்சுதா சாமி?"

கண்மாய்த் தண்ணீர் வாடையும் விபூதி வாடையும்தான் அடித்தது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

"நான் கவனிக்கல சாமி" என்றேன்.

குருசாமி அவரை மாலையைக் கழற்றிவிடச் சொன்னார். வலது கையில் மாவுக்கட்டு இருந்ததால் அவர் இடது கையாலேயே மாலையைக் கழற்றினார். காதில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. யாரும் உதவிக்குப் போகவில்லை, நானும் போகவில்லை.

இருமுடி கட்டுகிற அன்று வீட்டுக்காரர்கள் வந்து மூன்று கை அரிசி போட வேண்டும். என் மனைவி வந்தாள், போட்டாள். பிறகு என் காதுக்குப் பக்கத்தில், "நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். அது நீங்க சொல்ல வேண்டியது" என்றாள். அந்த முடியைத் தலையில் வைத்துக்கொண்டு படி ஏறினேன். பத்து வருஷமாக எந்த இடத்தில் நின்றால் கண்ணீர் வருமோ அந்த இடத்தில் நின்றேன். வரவில்லை. சாமி என்னைப் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். என்னால்தான் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

திரும்பி வந்த மறுநாள் காலையில் பிரசாதத்தை எடுத்துக்கொண்டு கன்னிசாமியின் வீட்டுக்குப் போனேன். கட்டு இன்னும் பிரிக்கவில்லை. வாசலில் நின்றபடியே, அன்றைக்கு ஒயர் சொருகவில்லை, நீங்கள் விழுந்த பிறகுதான் சொருகினேன் என்று சொன்னேன்.

அவர் என் கையிலிருந்த பிரசாதத்தை இடது கையால் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "தெரியும் சாமி. ஓடையில கிடந்து பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார்.

அப்படியானால் குருசாமியிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கும்போதே அசிங்கமாக இருந்தது.

"நான் சொன்னா யாரு நம்புவா? நீங்க சொல்லுவீகன்னு நினைச்சேன்."

உள்ளே இருந்து அவர் மனைவி வந்தாள். நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். இருபது நாளாக அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லையாம், தனிச் சோறு வைத்திருக்கிறாள். என்னைப் பார்த்து அவள் கத்தவில்லை.

"இங்கன எங்க ரெண்டு பேருகிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது அண்ணாச்சி? சிரிச்சாகள்ல, அங்கன போய்ச் சொல்லுங்க."

குருசாமியிடம் போய்ச் சொன்னேன். அடுத்த கார்த்திகைக்கு அந்த மனுஷன் சம்மதித்தால் தன் கையாலேயே மாலை போட்டுவிடுகிறேன் என்றார். சம்மதித்தால் என்றுதான் சொன்னார்.

அங்கிருந்து டீக்கடைக்குப் போனேன். அன்றைக்குச் சிரித்தவர்களில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். நின்றபடியே சொன்னேன். அவர் குடிக்கவில்லை, விளக்கு எரியவில்லை, எரியவிடாமல் வந்தது நான், பிறகு எரியவிட்டதும் நான். தலையைக் குனிந்துகொண்டு திட்டுக்காகக் காத்திருந்தேன். காறித் துப்பியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அன்றைக்கு அந்தக் கேலியைச் சொன்னவனே, "விடுங்க மாமா, பதட்டத்துல செஞ்சது. யாருக்கும் வர்றதுதான். மலைக்கு வேற போயிட்டு வந்திருக்கீக, உக்காருங்க" என்று பெஞ்சில் இடம் ஒதுக்கினான். மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். ஒருத்தர் கம்பெனியில் லீவு எப்போது முடிகிறது என்று விசாரித்தார். செய்யாததற்காக அந்த மனுஷனை இருபது நாள் தெருவில் தலை நிமிர விடாதவர்கள், செய்த என்னை ஒரு பேச்சில் விட்டுவிட்டார்கள். இது நியாயமில்லை என்று அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல நினைத்தேன்.

கடைக்காரர் கண்ணாடி டம்ளரில் டீயைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். நான் உட்கார்ந்து, அதைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.