அழுக்காகவே இருக்கட்டும் ஃபில்டர்

மீன் தொட்டி விற்பவர்களுக்குக் காலையில் வரும் போன் எதுவும் நல்ல செய்தி கொண்டுவருவதில்லை. "மேடம், மீனெல்லாம் சௌக்கியம், சும்மா சொல்லலாம்னு கூப்பிட்டேன்" என்று இதுவரை ஒரு வாடிக்கையாளர்கூடச் சொன்னது கிடையாது. வீட்டில் தொட்டி வைத்துக்கொண்டு, காபி டம்ளரைத் தொடுவதற்கு முன் மீன்களை எண்ணிப் பார்க்கிற அன்பர்களே, என் பயம் உங்களுக்குப் புரியும். மற்றவர்கள் என்னை நம்பித்தான் ஆக வேண்டும்.

எங்கள் கடை பெங்களூரு ஈஜிபுராவில் இருக்கிறது. செடித் தொட்டிதான் எங்கள் விசேஷம். அதாவது மீன்களோடு நிஜச் செடிகளும் தண்ணீருக்குள்ளேயே வளர்கிற தொட்டி. என் கணவர் சேகர் பொம்மசந்திராவில் ஒரு மோட்டார் கம்பெனியில் மெயின்டெனன்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது கடையில் விற்பது நான், போய் மாட்டுவது அவர். இந்த வருஷக் கோடையில் மல்லேஸ்வரத்தில் ஒரு குழந்தைகள் பல் கிளினிக்குக்குப் பெரிய தொட்டி வைக்கும் வேலை கிடைத்தது. வீடுகளைத் தாண்டி எங்களுக்கு வந்த முதல் வேலை. அது நன்றாக நின்றால் நாலு டாக்டர்கள் பார்ப்பார்கள், நாலு இடத்தில் கூப்பிடுவார்கள். நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சேகர் முதலிலேயே சொல்லிவிட்டார்: "தசரா வரைக்கும் பாப்போம் கலா. தொட்டி நிக்கலன்னா நான் திரும்பக் கம்பெனிக்கே போறேன். சூப்பர்வைசர் இன்னும் எடத்த வச்சிருக்காரு."

டாக்டரின் நிபந்தனை

கிளினிக் நடத்தும் ரேவதி டாக்டர் தலைமுறையாக மல்லேஸ்வரத்துக்காரர். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கோபம் வந்தால் இரண்டும். உள்ளே போகப் பயந்து அழுகிற குழந்தைகள் கொஞ்ச நேரம் மீனைப் பார்த்துப் பயத்தை மறக்கட்டும் என்பதற்காகத்தான் வெளியறையில் தொட்டி கேட்டார். ஒரு மீன்கூடக் குழந்தைகள் கண்ணெதிரே செத்து மிதக்கக் கூடாது என்று கறாராகச் சொன்னார். நான் பெரிய தைரியசாலி மாதிரி தலையாட்டினேன்.

சேகர் இரண்டு மாதிரி ஃபில்டர்களைக் காட்டினார். குமிழி விட்டுக்கொண்டு தொட்டிக்குள்ளேயே கிடக்கும் ஸ்பாஞ்ச் ஒன்று, விளிம்பில் மாட்டித் தண்ணீரைச் சலசலவென்று திருப்பிக் கொட்டுவது ஒன்று. இரண்டையும் ஓடவிட்டுப் பார்த்த டாக்டர் காதைப் பொத்திக்கொண்டார். "சத்தமே வரக் கூடாதும்மா. குழந்தைங்கள பயமுறுத்த உள்ள என் மிஷின் ஒண்ணு போதும்."

மீனுக்கு உடற்பயிற்சி

எந்த ஃபில்டர் என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்த அந்த வாரம்தான் கோயம்புத்தூர் இளைஞர் ஒருவர் கடைக்கு வந்தார். ஐ.டி. வேலை. ஊரிலுள்ள ஃபில்டர்களையெல்லாம் லேப்டாப்பில் கட்டம் போட்டு ஒப்பிட்டிருந்தார். இருப்பதிலேயே வேகமாகத் தண்ணீர் தள்ளுவது எது என்பது மட்டும்தான் அவர் கேள்வி. செடித் தொட்டிக்கு வேகம் ஆகாது, தொட்டித் தண்ணீர் முழுவதும் நிதானமாகச் சுற்றி வந்தால் போதும் என்றேன். நல்ல சரக்கை ஒளித்துவைக்கும் கடைக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஆன்லைனில் பெரியதாக ஒன்றை வரவழைத்து மாட்டியும் விட்டார்.

மறுவாரம் காலையில் போன். போய்ப் பார்த்தால் செடிகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன, பாதி வேரோடு மிதந்துகொண்டிருந்தது, மண் ஒரு மூலையில் குவிந்திருந்தது. குட்டி மீன்கள் எதிர்நீச்சல் போட்டுப் போட்டு இருந்த இடத்திலேயே இருந்தன. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, என்மேல்தான் பயம் வந்தது. கிளினிக்குக்கு நான் போட்டு வைத்திருக்கும் கணக்கு மட்டும் சரியா என்று யார் கண்டது? இளைஞர் தொட்டியையே வெறித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேடம், நான் ஃபில்டர் வாங்கல. மீனுக்கு ட்ரெட்மில் வாங்கியிருக்கேன்."

அருவி

விளிம்பில் மாட்டும் ஃபில்டரில் ஒரு விஷயம் உண்டு. தொட்டியில் தண்ணீர் நிறைய இருந்தால் அது சத்தமில்லாமல் கலக்கும். தண்ணீர் குறைந்தால் அருவியாகக் கொட்டும், செடிக்கென்று நாம் விடுகிற கரியமில வாயுவும் அந்தக் கொட்டலில் வெளியே போய்விடும். ஒரு அபார்ட்மென்ட் தம்பதிக்கு அந்த அருவிச் சத்தம் பிடித்துப்போய், வேண்டுமென்றே தண்ணீரைக் குறைத்து வைத்திருந்தார்கள். செடி மஞ்சளாகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

டேங்கர் லாரிக்காக எல்லாரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த கோடை அது. கீழ்வீட்டுக்காரர் மேலே யாரோ குழாயை மூடாமல் விட்டுவிட்டார்கள் என்று புகார் செய்ய, அசோசியேஷன் செக்ரட்டரி மாடி மாடியாகக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே வந்துவிட்டார். நான் தொட்டிக்குள் கைவிட்டுக்கொண்டிருக்கும்போது உள்ளே வந்து நின்றார். அருவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குற்றவாளி நான்தான் என்று முடிவு செய்துவிட்டார். "ஏனம்மா, எங்களுக்குக் குளிக்கவே தண்ணியில்ல, மீனுக்கு அருவி கேக்குதா?"

சத்தம் போடாத மிஷின்

கடைசியில் கிளினிக்குக்குக் கேனிஸ்டர் என்று முடிவு செய்தோம். மூடிய டப்பா மாதிரி ஃபில்டர் அது. தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் உட்கார்ந்துகொள்ளும். ஒரு குழாய் வழியாகத் தண்ணீரை இழுத்து, உள்ளே அடுக்கியிருக்கும் ஸ்பாஞ்சுகளில் வடித்து, இன்னொரு குழாய் வழியாக மெதுவாகத் திருப்பி அனுப்பும். சத்தம் கிடையாது, அருவி கிடையாது, செடி ஆடும், சாயாது. மாட்டி முடித்து டாக்டர் சந்தோஷப்பட்ட பிறகும் சேகர் மட்டும் அலமாரிக் கதவைத் திறந்து, டப்பாவின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஜுரம் பார்ப்பதுபோல. என்ன என்று கேட்டேன்.

"கம்பெனில மோட்டார் சத்தம் போட்டா நிம்மதியா டீ குடிப்போம், நின்னாத்தான் ஓடுவோம். இது ஓடினாலும் சத்தமில்ல, நின்னாலும் சத்தமில்ல. எப்ப பயப்படணும்னே தெரியல கலா."

மருமகளுக்கு ஏற்ற மிஷின்

பக்கத்துத் தெரு சுமதி ஒருநாள் தன் ஃபில்டரைத் திறந்துவிட்டுப் பதறிப்போய் என்னைக் கூப்பிட்டாள். ஸ்பாஞ்ச் முழுக்கக் காப்பிப்பொடி நிறத்தில் சேறு. பக்கெட்டும் பிரஷும் தயாராக வைத்திருந்தாள். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். இந்தத் தொழிலில் இதை மட்டும் நான் தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், உங்களுக்கும் சொல்கிறேன். மீன் கழிவு தண்ணீரில் விஷமாக மாறும். அந்த விஷத்தைத் தின்று தீர்க்கும் நல்ல கிருமிகள் அந்தச் சேற்றில்தான் குடியிருக்கின்றன. குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் பட்டால் கூண்டோடு காலி. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாக அலசி, அழுக்கோடு அழுக்காகத் திருப்பி மாட்ட வேண்டும்.

சுமதி முகத்தைச் சுளித்துக்கொண்டே அப்படியே செய்தாள். அவள் மாமியார் கைகட்டி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் கிளம்பும்போதுதான் வாயைத் திறந்தார். "கழுவவே வேணாங்கற மிஷினா? எங்க வீட்டு மருமகளுக்கு ஏத்ததாத்தான் பாத்துக் குடுத்திருக்கம்மா!"

தலைக்குக் குளியல்

தசரா வந்தது. கிளினிக் தொட்டி பச்சைப்பசேலென்று நின்றது, ஒரு மீன்கூடச் சாகவில்லை. ஆயுத பூஜையன்று காலையில் சேகர் கம்பெனிப் பழக்கத்தில் ஸ்கூட்டரைக் கழுவினார், ஸ்பானர்களைத் துடைத்தார், டிரில்லிங் மிஷினுக்குச் சந்தனம் வைத்தார். காட்சிக்கு வைத்திருந்த ஒரு கேனிஸ்டரின் மூடியில் அவர் குங்குமம் வைக்கக் குனிந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏங்க, கிளினிக்லயும் இன்னிக்குப் பூஜைதானே?" என்றேன். "பின்ன? எல்லா மிஷினையும் கழுவித் தொடச்சு..." என்று ஆரம்பித்தவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார். டாக்டர் போனை எடுக்கவில்லை. ஹேண்டிலில் கட்டிய வாழைக்கன்றோடு அப்படியே ஸ்கூட்டரில் கிளம்பினோம். வழியெல்லாம் உடைத்த பூசணிக்காய். சறுக்கி விழுந்தாலும் பரவாயில்லை, சீக்கிரம் போங்கள் என்று அவர் முதுகைக் குத்திக்கொண்டே போனேன்.

கிளினிக்கில் அட்டெண்டர் மஞ்சுளாக்கா வாயெல்லாம் சிரிப்பாக வரவேற்றார். பல் பிடுங்கும் நாற்காலிக்குச் சந்தனம், கம்ப்ரஸருக்கு மாலை. தொட்டிக்குக் கீழே அலமாரி திறந்திருந்தது. உள்ளே புதுப் பெண் மாதிரி பளபளவென்று எங்கள் ஃபில்டர், நெற்றியில் பொட்டு, தலையில் செவ்வந்தி. தண்ணீரின் மேலே மீன்களுக்கென்று தூவிய பிரசாதப் பொரி. சோப்பு போட்டீர்களா என்று கேட்டேன். சேச்சே, சோப்பு மீனுக்கு ஆகாதே, குழாயைத் திறந்துவிட்டு ஸ்பாஞ்சையெல்லாம் பிரஷ் போட்டுத் தேய்த்தேன் என்றார். கழுவக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லவில்லையா என்றதற்கு, அது மற்ற நாளுக்குச் சொன்னது இல்லையா என்றார். எனக்கு அழுகை முட்டியது. திட்டவும் வாய் வரவில்லை, அவ்வளவு ஆசையாகக் கழுவியிருந்தார். "நோடி மேடம், நீங்களே பாருங்க, மாசக்கணக்கா நமக்காக ஓடுது. ஒரு நாளாவது அதுக்கும் தலைக்குக் குளிக்க வேணாமா?"

அழுக்கு இருக்கிறதா?

மீன்கள் அன்றைக்குச் சாகாது. விஷம் ஏற ஒன்றிரண்டு நாள் ஆகும், அதாவது விடுமுறை முடிந்து கிளினிக் திறந்து குழந்தைகள் வரும் நேரத்துக்குச் சரியாக இருக்கும். பொரியை அள்ளிவிட்டு, தீனி போடக் கூடாது என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் தண்ணீர் மாற்றினோம். ஆனால் காப்பாற்ற ஒரே வழி, ஆரோக்கியமான வேறொரு தொட்டியின் அழுக்கு ஸ்பாஞ்சைக் கொண்டுவந்து இதற்குள் வைப்பதுதான். எங்கள் கடைத் தொட்டிகளில் அப்போதுதான் வந்திறங்கிய மீன்கள், நோய் ஏதும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். அதை நம்பி எடுக்க முடியாது. கிளினிக் படியில் உட்கார்ந்து வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். "சார், உங்க ஃபில்டர் அழுக்கா இருக்கா?"

கேட்டவரெல்லாம் பெருமையாகக் கழுவிப் பொட்டு வைத்துவிட்டதாகச் சொன்னார்கள். ஒரு குடும்பத் தலைவர், நாங்கள் சுத்தமான ஃபேமிலி மேடம் என்று கோபித்துக்கொண்டு வைத்தே விட்டார். ட்ரெட்மில் இளைஞர் கோயம்புத்தூரில் இருந்தார், ஃப்ளாட் பூட்டிக் கிடந்தது. சேகர் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் மனசு பொம்மசந்திராவுக்குப் பாதி வழி போய்விட்டது எனக்குத் தெரிந்தது. கடைசியாகத்தான் சுமதி நினைவு வந்தது. "நீங்கதானேக்கா கழுவக் கூடாதுன்னீங்க? அத்தை எவ்ளோ சொல்லியும் நான் தொடல" என்றாள். வந்த வழியே பறந்தோம். அவள் ஸ்பாஞ்சை வெளியே எடுத்தபோது அந்தக் காப்பிப்பொடிச் சேற்றைப் பார்த்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவள் மீன்களுக்குப் பாதியை விட்டுவிட்டு, மீதியைக் கத்தரித்துத் தொட்டித் தண்ணீரோடு பையில் கட்டிக்கொண்டேன். மாமியார் வாசல்வரை வந்தார். "நல்ல நாளும் அதுவுமா வீடு தேடி வந்து அழுக்கு கேட்டு வாங்கிட்டுப் போறவ நீ ஒருத்திதான். இரு, பொரியாவது எடுத்துட்டுப் போ."

வெளியறையில் நான்

கிளினிக் திறந்த அன்று தொட்டித் தண்ணீர் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி லேசாகக் கலங்கியிருந்தது. சுமதியின் ஸ்பாஞ்ச் உள்ளே வேலை செய்கிறதா இல்லையா, யாருக்குத் தெரியும்? சத்தம் போடாத மிஷின் ஆயிற்றே. வெளியறை நாற்காலியில் குழந்தைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டேன். எந்த மீன் மேலே வருகிறது, எது வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நகத்தைக் கடித்துக் கடித்து விரல் எரிந்தது. பக்கத்தில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி வெகு நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, ஆறுதலாக என் கையைத் தொட்டாள். "ஆன்ட்டி, பயப்படாதீங்க. டாக்டர் கொஞ்சமாத்தான் வலிக்கவைப்பாங்க."

எனக்கு வலிக்கவில்லை. ஒரு மீன்கூட மிதக்கவில்லை. அந்த வாரக் கடைசியில் தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்தது. சேகர் அலமாரிக்குள் தலையை விட்டு டப்பாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசரின் போன் வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "இல்ல சார், இனிமே வர முடியாது. அடுத்த ஆயுத பூஜைக்கு மஞ்சுளாக்கா பக்கத்துலயே நான் நிக்கணும்" என்றார்.

ஊரே தேய்த்துக் கழுவிப் பொட்டு வைக்கிற நாளில் ஒரு டப்பா அழுக்குக்குக் காவல் நிற்பதுதான் இப்போது எங்கள் குடும்பத் தொழில்.