மண்டபத்துக்குள் ஒரு தென்னை

டேக்வாண்டோ கறுப்புப் பட்டிப் பரீட்சையில் இரண்டாவது தடவையும் தோற்ற அன்று, வெள்ளவத்தைக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. உதை சரி, குத்து சரி, தடுப்பு சரி. தொடங்கிய இடத்தில் முடிக்கவில்லை என்பதுதான் குறை. பூம்சே தெரியாதவர்களுக்கு: எதிரி இல்லாமல், நான்கு பக்கமும் எதிரி நிற்பதாக நினைத்துக்கொண்டு, ஒரே ஒழுங்கில் செய்யும் அடிமுறை அது. எங்கெங்கோ திரும்பினாலும் கடைசியில் தொடங்கிய புள்ளியில் வந்து நிற்க வேண்டும். நான் இரண்டு தடவையும் வலப்பக்கம் தள்ளி நின்றேன்.

காரணம் எனக்குத் தெரியும். எங்கள் அடுக்குமாடியின் வாகனத் தரிப்பிடத்தில்தான் நான் பழகுவது. அங்கே இடப்பக்கம் ஒரு தூண். தூணில் மோதாமல் இடக்காலைக் குறுக்கி வைத்து வைத்து, தூணே இல்லாத மண்டபத்திலும் கால் குறுகிவிடுகிறது. மகளுக்குத் துணையாகப் போய்ச் சேர்ந்த வகுப்பு இது. அவள் ஆறு மாதத்தில் விட்டுவிட்டாள். நாற்பத்தொரு வயதில் நான்தான் விடாமல் நிற்கிறேன். மூன்றாம் தடவையும் தோற்றால் சீருடையை மடித்து அலுமாரியில் வைத்துவிடுவது என்று எனக்குள் முடிவு செய்துவிட்டேன். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் உடனே அலுமாரியில் இடம் ஒதுக்கித் தந்துவிடுவார்கள்.

அடுத்த பரீட்சை மட்டக்களப்பில், மாசி மாதக் கடைசி ஞாயிறு. "நாலு நாள் முந்திப் போய், திறந்த வெளியில பழகுங்கோ. தூண் மறந்துபோகும்" என்றார் எங்கள் பயிற்றுனர். ஆரையம்பதியில் வகுப்பு நடத்தும் ஓர் ஆசிரியையின் தொலைபேசி இலக்கமும் தந்தார். நல்ல யோசனையாகத்தான் பட்டது.

கொழும்புக் கோட்டையிலிருந்து காலை ஆறு மணிக்குப் பிறகு புறப்படும் ரயில். மட்டக்களப்பில் இறங்கும்போது பிற்பகல் மூன்றரை. இரண்டாம் வகுப்பில் யன்னலோர இருக்கை கிடைத்தால் வெலிக்கந்தைக்குப் பிறகு தூங்காதீர்கள், வெட்டி முடித்ததும் முடிக்காததுமாக வயல்கள் வரும். கல்லடியில் அறை எடுத்தேன், நாளுக்கு 4,500 ரூபா, காலைச் சாப்பாட்டுடன். யன்னலைத் திறந்தால் வாவி தெரியும். கொசுவும் வரும்.

மறுநாள் விடியற்காலையில் வெள்ளைச் சீருடையோடு ஆட்டோவில் ஏறினேன். ஆரையம்பதிக்கு ஆறு கிலோமீட்டர், 700 ரூபா. ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"கோயிலுக்கா போறீங்க?"

"இல்ல அண்ணை, அடிக்கப் போறன்."

"ஆருக்கு?"

"காத்துக்கு."

என் சீருடையை இன்னொரு தடவை கண்ணாடியில் பார்த்தார். "ஓ, சுதா மிஸ்ஸிட தென்னையடிக்கா? அப்படி எண்டா முதலே சொல்லியிரிக்கலாமே."

தென்னையடி என்றபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சுதா மிஸ் பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியை. முப்பது வயதிருக்கும். வாவிக் கரையில் உறவினரின் பெரிய வளவு ஒன்றில்தான் அவர் வகுப்பு நடத்துகிறார். நான் போன நேரம் வளவு முழுக்க நெல். வாவிக்கு அப்பால் படுவான்கரையில் வெட்டி, ஏற்றி வந்து, காயப் போட்டிருந்தார்கள். நெல்லில் கால் வைக்கக் கூடாது. மிச்சம் இருந்தது வாவியை ஒட்டிய ஒரு துண்டு நிலம். அந்தத் துண்டின் நடுவில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு தென்னை. நல்ல காய்ப்பு. அதனால் வெட்ட யாருக்கும் மனமில்லை.

"அக்கா, நீங்க மரத்துக்கு வலப்பக்கம். றிஸ்னா இடப்பக்கம்" என்றார் சுதா மிஸ்.

வலப்பக்கம் என்றால் எனக்கு இடப்பக்கத்தில் மரம். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வந்து, தூண் நிற்கும் அதே இடத்தில் தென்னையைக் கண்டால் எப்படி இருக்கும்? சிரிப்பதா, திரும்ப ரயில் ஏறுவதா என்று தெரியவில்லை.

றிஸ்னா பக்கத்து ஊர், காத்தான்குடி. அபாயா தைக்கிறவர். வகுப்பில் எல்லாருக்கும் சீருடை தைத்ததும் அவர்தான். சீருடைக்கு மேல் கறுப்பு முக்காடு, அதற்கு மேல் கறுப்புக்கு முந்திய சிவப்புப் பட்டி, ஸ்கூட்டரில் வந்து இறங்குவார். அவருக்கும் அந்த ஞாயிறுதான் பரீட்சை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏனக்கா, மரம் புடிக்கலியா?" என்று கேட்டார். தூண் கதையைச் சொன்னேன். ஸ்கூட்டரில் சாய்ந்து நின்று சிரிசிரியென்று சிரித்தார். "எங்கட ஆக்கள் எல்லாரும் இந்த மரத்தச் சுத்தித்தான் படிச்ச. நமக்கு அது ஒரு ஆள் மாதிரி."

மூன்று காலைகள் அங்கே பழகினோம். ஹனா, துல், செத் என்று சுதா மிஸ் கொரிய மொழியில் எண்ண, வாவியில் தோணிக்காரர் ஒருவர் வலையை இழுப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்ப்பார். நாங்கள் உதைத்துக் கத்தினால் கொக்குகள் கிளம்பும். பயிற்சி முடிந்ததும் றிஸ்னா கொண்டுவரும் தயிரும் அதற்கு இனிப்பாகக் கித்துள் பாணியும். அந்தக் காலைகள் எனக்கு மிகவும் பிடித்திருந்தன என்பதையும், ஒவ்வொரு தடவையும் இடக்காலைக் குறுக்கினேன் என்பதையும் ஒன்றாகவே சொல்ல வேண்டும்.

பரீட்சை மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில், ஒரு பாடசாலை மண்டபத்தில். பரீட்சகர் திருகோணமலையிலிருந்து வந்தவர், சிரிக்காத மனிதர். இரண்டிரண்டு பேராக அழைத்தார்கள். தரையில் ஆளுக்கொரு வெள்ளை நாடாத் துண்டு ஒட்டியிருந்தது. றிஸ்னா இடப்பக்கம், நான் வலப்பக்கம். எட்டாம் பூம்சே தொடங்கியது.

பாதி வழியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் இடக்காலைக் குறுக்கினேன், அதே நேரம் றிஸ்னா வலக்காலைக் குறுக்கினார். முடித்து நின்றபோது நான் என் நாடாவுக்கு வலப்பக்கம் தள்ளி, அவர் தன் நாடாவுக்கு இடப்பக்கம் தள்ளி. எங்களுக்கு நடுவில் சரியாக ஒரு தென்னை நிற்கிற அளவு இடம். ஆரையம்பதியிலிருந்து வந்திருந்தவர்களுக்கு விளங்கிவிட்டது. பின்வரிசை வாங்கில் சிரிப்பு கிளம்பியது. சுதா மிஸ் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு அலுமாரிதான் கண்ணில் தெரிந்தது.

பரீட்சகர் நடுவிலிருந்த வெற்றிடத்தைப் பார்த்தார். "இதுக்குள்ள என்ன இருக்கு?"

"தென்னை, சேர்" என்றார் றிஸ்னா.

மண்டபமே சிரித்து ஓயும்வரை அவர் காத்திருந்தார். "சரி. அதை வெட்டிப்போட்டு இன்னொருக்காச் செய்யுங்கோ."

றிஸ்னா என் பக்கம் சாய்ந்து, "அக்கா, நீங்க என்ட பக்கம் வாங்க, நான் உங்கட பக்கம் போறன். மரம் ஏமாந்திரும்" என்றார். இடம் மாற்றலாமா என்று கேட்டோம். பரீட்சகர் தலையசைத்தார்.

இப்போது என் இடப்பக்கத்தில் திறந்த யன்னல்கள், அதற்கப்பால் வாவி. தூணும் இல்லை, மரமும் இல்லை, றிஸ்னாவும் இல்லை. இடக்காலை நீட்டி வைத்தேன். அது போய்க்கொண்டே இருந்தது. இவ்வளவு நீளமான காலா என்னிடம் இருந்தது என்று நினைத்தபடியே திரும்பினேன், உதைத்தேன், கத்தினேன். முடிந்து நிற்கும்போது கீழே பார்க்கக் கூடாது. நான் பரீட்சகரைப் பார்த்தேன். அவர் முதலில் என் கால்களையும் பிறகு றிஸ்னாவின் கால்களையும் பார்த்து இரண்டு தடவை குறித்துக்கொண்டார். வணங்கும்போதுதான் கண்டேன், நாடா என் இரண்டு பாதங்களுக்கும் நடுவில் கிடந்தது. பஸ்ஸில் வராத அழுகை அப்போது வந்தது. றிஸ்னா தன் முக்காட்டு நுனியால் என் முகத்தைத் துடைத்துவிட்டுத் தன் முகத்தையும் துடைத்தார்.

போக நினைப்பவர்களுக்கு: எந்தக் கலை பழகுகிறவராக இருந்தாலும் இடம் மாறிப் பழகிப் பாருங்கள், எங்கெங்கே ஒதுங்குகிறீர்கள் என்று தெரியவரும். மாசி, பங்குனியில் போனால் மழைத் தொல்லை குறைவு, ஆனால் வளவெல்லாம் நெல் காயும், காலைப் பார்த்து வையுங்கள். ரயில் இருக்கையை முன்கூட்டியே பதியுங்கள். கொசுவர்த்தி கொண்டுபோங்கள். காத்தான்குடியில் யாராவது சாப்பிடக் கூப்பிட்டால் காலைச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டுப் போங்கள்.

திங்கள் இரவு வீடு வந்தேன். செவ்வாய் காலை கறுப்புப் பட்டியைக் கட்டிக்கொண்டு வாகனத் தரிப்பிடத்துக்கு இறங்கினேன். இடப்பக்கம் திரும்பி முழு அடி எடுத்து வைத்தேன். பெருவிரல் தூணில் இடித்தது. நகம் இன்னும் நீலமாக இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கிறது.