பங்குக் கிணறும் கொழும்புக் கட்டும்

கொழும்பிலிருந்து அந்தக் கட்டு வந்த நாளில் மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் எங்கள் கிளை ஒரு கலியாணவீடு போல இருந்தது. மெயில் கோச்சியில், அதாவது இரவு ரயிலில், வந்த பெரிய பொதியைப் பியோன் அண்ணை சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்து சேர்த்தார். பிரித்தால், இரு கரையிலும் துளை போட்ட அகலமான தாள், அறுபடாமல் மடிப்பு மடிப்பாக நீண்டுகொண்டே போனது. வீடு வீடாக ஆள் எண்ணிய குடிசன மதிப்பில் எடுத்த, நாட்டின் எல்லா ஊர்களின் கணக்கும் கொழும்பில் ஒரு கணினிக்குள் இருக்கிறதாம். எங்கள் மாவட்டத்தை மட்டும் அதிலிருந்து அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். இப்போது அதைத் தரவுத்தளம் என்கிறார்கள். எங்களுக்கு அது கொழும்புக் கட்டு.

எண்பத்துமூன்று முடிந்து அடுத்த வருடம். நான் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா மாட்டுவண்டில் ஓட்டினார். அக்கா பள்ளிக்கூடத்துப் படலையைத் தாண்டியதே இல்லை. மற்றவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போன நேரம் கட்டைப் புரட்டி எங்கள் ஊரைத் தேடினேன். யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறைக்கு அங்காலே கடலேரிக் கரையோடு கிடக்கும் சின்ன ஊர். கையெழுத்துப் போடத் தெரியாத எங்கள் வீட்டாரும் ஒரு மெசினுக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள் என்று நினைக்க நெஞ்சு நிறைந்தது.

மின்சாரம் உள்ள வீடுகள், மலசலகூடம் உள்ள வீடுகள், கிணறு உள்ள வீடுகள் என்று பத்தி பத்தியாக இருந்தது. மின்சாரத்தில் நாங்கள் கடைசி வரிசை. கிணற்றிலோ ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் ‘உண்டு’. ஒன்றிலாவது நல்ல பெயர் என்று முதலில் சந்தோஷப்பட்டேன். பிறகுதான் யோசித்தேன். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் வீடுகள் முழுவதற்கும் குடிக்கக்கூடிய தண்ணீர் உள்ள கிணறு ஒன்றே ஒன்று. மற்றவை சவர், வாயில் வைக்க முடியாத உப்பு.

அடுத்த கிழமை, கிளைக்குப் பொறுப்பான சேர் என்னைக் கூப்பிட்டார். மாவட்டத்தில் சில ஊர்களுக்குப் பொதுக்கிணறு கட்டப்போகிறார்கள். கிணறில்லாத வீடுகள் கூடின ஊர் முதலில் வரும்படி கட்டைப் பார்த்து ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும். கோடு பிடித்து அழகாகத் தயாரித்தேன். எங்கள் ஊர் வாலில் வந்து நின்றது.

அன்று பின்னேரம் சைக்கிளை நேரே கிணற்றடிக்கு விட்டேன். ஆவணி மாதம். வாளி அடியில் உரஞ்சும் சத்தம் ஒழுங்கை வரை கேட்டது. ஒருவர் அள்ளினால் ஊற்று ஊறும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். அக்கா நிறைமாதம், குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் குந்தியிருந்தார்.

“என்ன, கச்சேரிக்காரர் கிணத்தடிக்கு வந்திருக்கிறார்? அங்கை தேத்தண்ணி குடுக்கிறேல்லையோ?” என்றார் முன்வீட்டு மாமி.

“மாமி, கொழும்புக் கணக்கிலை எங்கடை ஊரிலை எல்லா வீட்டிலையும் கிணறு இருக்காம்.”

“அப்ப இதிலை நிக்கிற நாங்கள் ஆர்? விசரியளோ?”

“கொழும்பாரை வரச்சொல்லு தம்பி. சேத்தோடை ஒரு வாளி குடிச்சிட்டுப் போகட்டும்,” என்றார் இன்னொருவர். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

குடத்தை நான் வாங்கிக்கொண்டேன். வழியில் கேட்டேன்.

“குடிசன மதிப்புக்கு வந்தவர் உங்களிட்டை என்ன கேட்டவர், அக்கா?”

“ஆக்கள் எத்தினை, கூரை என்ன, கிணறு இருக்கோ எண்டு.”

“என்ன சொன்னீங்கள்?”

“ஓம் எண்டனான். வேறை என்ன சொல்லுறது?”

“வளவுக்குள்ளை கிணறு இல்லையே.”

அக்கா நின்றுவிட்டார். “காணி உறுதியிலை பங்கு எழுதியிருக்கடா. எனக்குச் சீதனம் எழுதேக்கை நொத்தாரிசு வாசிச்சுக் காட்டினவர். வளவு, வழி வாய்க்கால், கிணத்திலை பங்கு. கிணறில்லை எண்டு சொல்ல நாங்கள் என்ன நாதியில்லாத ஆக்களே?”

எனக்கு அப்போதுதான் வெளித்தது. பெண்பிள்ளைகளுக்குச் சீதனம் கொடுத்துக் கொடுத்துக் காணி துண்டு துண்டாகிவிட்டது. கிணற்றைத் துண்டு போட முடியாது. அதனால் ஒவ்வொரு உறுதியிலும் பங்கு. கேட்டவர் சரியாகத்தான் கேட்டார், சொன்னவர்களும் உண்மையைத்தான் சொன்னார்கள். ஒரே கிணறு, பங்குள்ள வீடெல்லாம் போய்க் கொழும்பில் கிணறுகளாகப் பெருகிவிட்டது.

விடிந்ததும் சேரின் மேசைக்கு முன்னால் நின்றேன்.

“சேர், கொழும்புக் கட்டிலை ஒரு பிழை. எங்கடை ஊரிலை...”

“ஓ, உம்மடை ஊரோ!” பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். “நாளைக்கு இந்தக் கிளையிலை இருக்கிற எல்லாரும் தங்கடை தங்கடை ஊரை மேலை ஏத்தச் சொல்லுவினம். பிறகென்னத்துக்கு ஐசே கொழும்பிலை ஒரு மெசின்?”

காது சுட்டது. ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பங்கின் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, “உது உம்மடை ஊரிலை மட்டுமில்லையெண்டால் எல்லா ஊரையும் பாரும். மாசமுடிவுக்கிடையிலை கொண்டாரும்,” என்றார்.

முதலில் வீடு வீடாகப் போனேன். வளவுக்குள் கிணறு உண்டோ என்று கேட்டதுமே முகங்கள் மாறின. ஒருவர் உறுதியை எடுத்துவந்து காட்டினார். இன்னொருவர் படலையிலேயே மறித்து, “தண்ணிக்குப் பிறத்தியாரிட்டைக் கையேந்திற ஆக்கள் எண்டு எங்களை எழுதப்போறீரோ?” என்றார். கொழும்புக் கட்டில் இருந்த அதே ‘உண்டு’தான் எனக்கும் கிடைத்தது.

பிறகு வீடுகளை விட்டுவிட்டுக் கிணறுகளுக்குப் போகத் தொடங்கினேன். விடியவும் பின்னேரமும் கிணற்றடியில் போய் நின்று, “இதிலை ஆர் ஆர் அள்ளுறியள்?” என்று மட்டும் கேட்டேன். கிணற்றடியில் யாருக்கும் வெட்கமில்லை. அங்கே நிற்பதே அவர்களுடைய உரிமை. “எங்களையும் எழுதும் தம்பி!” “அவையை எழுதினீர், எங்களை விட்டிட்டீர்!” என்று அடித்துப்பிடித்துக்கொண்டு சொன்னார்கள். தெல்லிப்பழைப் பக்கத்துத் தோட்டவெளிகளுக்கும் தென்மராட்சிக்கும் அந்தந்த ஊர் அதிகாரிகளான விதானைமாரோடு போனேன். அந்த மாதம் மிதித்தது போல நான் பிறகு சைக்கிள் மிதித்ததில்லை. வாளி விழும் சத்தமும் கிணற்றடியில் கிடந்த ஈரக் கமுகம்பாளை மணமும் இன்றைக்கும் எனக்கு அந்த வேலையின் ஞாபகமாகத்தான் வருகின்றன.

ஒரு கிணற்றில் எத்தனை வீடு அள்ளுகிறது என்று எண்ணியதும் பட்டியல் தலைகீழாக மாறியது. சேர் மேலிருந்து கீழே விரலை ஓட்டினார்.

“உம்மடை ஊர் முதலாவதாய் வரேல்லையே?”

“இல்லை சேர். தென்மராட்சியிலை அதைவிட மோசமான ஊருகள் இருக்கு.”

பேனாவை எடுத்துக் கையெழுத்து வைத்தார். அந்த வருடத்துக் காசு பட்டியலில் எங்கள் ஊருக்கு மேலே நின்ற ஊர்களோடேயே முடிந்துவிட்டது. அக்காவிடம் எப்படிச் சொல்வதென்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். மடியில் பிள்ளையை வைத்திருந்தவர், “நீ எங்கடை ஆளோ, அவையின்ரை ஆளோ?” என்று கேட்டார். இரண்டு நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அடுத்த வருடம் எங்கள் முறை வந்தது. கடலேரியிலிருந்து தள்ளி, நல்ல தண்ணீர் ஊறும் இடத்தில் வெட்டினார்கள். சுற்றிக் கட்டும், இரும்புக் கப்பியும், உடுப்புத் தோய்க்க ஒரு கல்லும். முன்வீட்டு மாமி முதல் வாளித் தண்ணீரை என் தலையில் ஊற்றினார். கச்சேரிக்குப் போட்டிருந்த வெள்ளைச் சேட்டு தெப்பமாக நனைந்தது.

வருட முடிவில் முன்னேற்ற அறிக்கை அனுப்ப வேண்டும்: கட்டில் இருந்த பழைய எண், பக்கத்தில் புதிய எண். கட்டின்படி எங்கள் ஊரில் ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் முதலே கிணறு ‘உண்டு’. புதிய கிணறு வந்தும் அந்த எண் அசையவில்லை. விதிப்படி ‘மாற்றமில்லை’ என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“பாரும், உம்மடை ஊர் ஒரு அடியும் முன்னேறேல்லை,” என்று சொல்லிச் சேர் சிரித்த சிரிப்பில் கோப்பையில் இருந்த தேத்தண்ணி கொழும்புக் கட்டின் மேல் சிந்தியது.

பிறகு சண்டை மூண்டு கோச்சி நின்றது. கட்டு வருவதும் நின்றது. பத்து வருடத்துக்கு ஒருக்கால் வரவேண்டிய அடுத்த குடிசன மதிப்பு எங்கள் பக்கம் வரவேயில்லை. பிழையாகவேனும் எங்களை எண்ணிவைத்திருந்த அந்தத் தாளை நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

தொண்ணூற்றைந்தில் ஊரோடு இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு வந்தோம். ஒரு பள்ளிக்கூடத்தில் பதிவு. அக்காவுக்குப் பின்னால் நான் நின்றேன். பள்ளிக்கூட மர வாங்கில் குந்தியிருந்து எழுதிக்கொண்டிருந்த பெடியனுக்கு அந்த நாளில் எனக்கிருந்த வயதுதான் இருக்கும்.

“ஊரிலை என்னென்ன விட்டிட்டு வந்தனீங்கள், அம்மா?”

“வீடு. மாடு ஒண்டு. கிணறு ரெண்டு.”

“ரெண்டோ?”

“ஒண்டிலை பங்கு, உறுதி இருக்கு. மற்றது என்ரை தம்பி கொண்டுவந்தது.”

பெடியன் என்னை ஒருமுறை பார்த்தான். கிணறு இரண்டு என்று எழுதிக்கொண்டான். நான் திருத்தவில்லை. அக்கா வெறும் தண்ணீர்க் கானைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடக் கிணற்றடியில் நின்ற வரிசைக்குப் போனார்.