கவுன்காரரின் முறை

என் அண்ணன் தையல்காரர். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் தோள் இவ்வளவு, இடுப்பு இவ்வளவு என்று சொல்லிவிடுவார். டேப் எல்லாம் வந்தவர்களின் மனத்திருப்திக்குத்தான். அப்பேர்ப்பட்டவர் பெற்ற மகளுக்குத் தைத்த கவுன் ஒன்றுகூட அவளுக்குப் பொருந்தியதில்லை.

அண்ணி பிரிந்து போனபோது குழந்தைக்கு நாலு வயது. வேறு ஊருக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். மகளைப் பார்க்க அனுமதி கேட்டு அண்ணன் வழக்குப் போட்டார். ஒவ்வொரு வாய்தாவுக்கும், இன்றைக்காவது குழந்தையை அழைத்து வருவார்கள் என்று ஒரு கவுன் தைத்து எடுத்துப் போவார். நீதிபதி விடுப்பு, எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை என்று ஏதாவது ஒரு சாக்கு. எப்போதோ ஒருநாள் அவள் வரும்போது, பையில் இருக்கிற கவுனுக்குள் அவள் கை நுழையாது.

"கொஞ்சம் பெருசா தைச்சா என்ன குறைஞ்சு போயிடும்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கடைசியா பாத்த அளவுதானே என் கண்ணுல நிக்குது," என்றார்.

கறுப்புக் கவுன் போட்ட வக்கீல்கள் கூடி அவருக்குக் கவுன்காரர் என்று பேர் வைத்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் சிரித்துக்கொள்வார்.

பன்னிரண்டு வயதுக்குப் பிறகு அவள் வரவேயில்லை. பதினெட்டு முடிந்ததும், இனி இதில் தீர்ப்புச் சொல்ல ஒன்றுமில்லை என்று வழக்கை முடித்துவிட்டார்கள். அண்ணன் அன்று கடையைத் திறக்கவில்லை.

சில மாதம் கழித்து ஓர் அறிவிப்பு வந்தது. அடுத்த இருபது வருடத்துக்கு நீதிமன்றங்களை எப்படி நடத்தலாம் என்று திட்டம் போடுகிறார்களாம், பொதுமக்கள் வந்து கருத்துச் சொல்லலாமாம். "இத்தனை வருஷம் கேக்காத காது இப்ப கேக்கப்போகுதா?" என்றேன். அண்ணன் கண்டுகொள்ளவில்லை. நான் பேசுகிறேன், நீயும் வா என்று மகளுக்குச் செய்தி அனுப்பியிருந்தார். வகுப்பு இல்லையென்றால் வருகிறேன் என்று பதில் வந்திருந்தது. அதை என்னிடம் எத்தனை தடவை காட்டினார் என்று கணக்கே இல்லை.

கூட்டம் நீதிமன்றத்தின் மேல்மாடியில். பக்கத்து நாற்காலியில் பையை வைத்து அவளுக்கு இடம் பிடித்துக்கொண்டார். முன்னால் திரையில் புதுக் கட்டடத்தின் படம். ஒருவர் கார் நிறுத்த இடம் கேட்டார், இன்னொருவர் லிஃப்ட் கேட்டார். அண்ணனின் முறை வந்தபோது பையைத் தூக்கிக்கொண்டு போய், இத்தனை வருடம் தைத்த கவுன்களை அதிகாரிகளின் மேசைமேல் வரிசையாக விரித்தார்.

"சொந்த வழக்கைப் பத்திப் பேசக் கூடாதுங்க," என்றார் நடுவில் இருந்த அதிகாரி.

"வழக்கு இல்லைங்க, முடிஞ்சிருச்சு. கட்டடத்தை மெதுவா கட்டுங்க. பிள்ளைங்க சம்பந்தப்பட்ட வழக்கை மட்டும் தள்ளிப் போடாதீங்க. பிள்ளை நமக்காக வளராம நிக்காது."

அதிகாரி கவுன்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குறிச்சுக்கிட்டோம் ஐயா. முதல்ல கட்டட வேலை. இதை ரெண்டாவது கட்டத்துல எடுத்துக்குவாங்க."

இதற்கும் வாய்தாதான். அண்ணனோ வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார், அந்தப் பதில் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

கூட்டம் கலைந்தது. கவுன்களைப் பையில் திணித்துக்கொண்டு அவசரமாக நடந்தார். வாசலில் நெடுநெடுவென்று ஒரு பெண் நின்றிருந்தாள்.

"கொஞ்சம் வழி விடும்மா. என் மக கீழே நிக்கிறாளான்னு பாக்கணும்," என்றார்.

அவள் ஒதுங்கிக்கொண்டாள். அண்ணன் அவளைத் தாண்டிப் படியிறங்கினார். பின்னால் போன நான்தான் அவள் காதைப் பார்த்தேன். அண்ணனுக்கு இருக்கிற அதே துருத்திய காது. அண்ணே என்று கத்த வாயெடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரை ஒண்ணும் சொல்லாதீங்க அத்தை. நானும் அந்தக் கவுனுங்களைப் பாத்துதான் அவர்னு கண்டுபிடிச்சேன்."