ரைஸ்மில்லுக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ்

எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்துக் கிராமம். நான் துணி தைத்துக் கொடுப்பதில்தான் பாதி வீட்டுச்செலவு நடந்தது. பொங்கலுக்கு இருபது நாள் இருக்கும்போது, அரை மூட்டை குறுவை நெல்லை அரைக்க ரைஸ்மில்லுக்குப் போனேன்.

எடை போட்டு, ரசீது வாங்கிக்கொண்டு, மில்காரர்கள் கைகாட்டிய வழியில் மெஷின் பக்கம் நடந்தேன். நெல் ஊறவைக்கும் தொட்டியின் கழிவுநீர்க் கால்வாய் அந்த வழியைக் குறுக்கே கடக்கும். அடைப்பு எடுப்பதற்காக மூடுகல்லைத் தூக்கியவர்கள் திரும்பப் போடவில்லை. தேங்கிய தண்ணீரில் உமி மிதந்து, தரையோடு தரையாகத் தெரிந்தது. கால் உள்ளே போய்விட்டது. விழும்போது வலது கையை ஊன்றினேன். மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

மில் கணக்குப்பிள்ளை ஓடிவந்து, "பாத்து வரக்கூடாதாம்மா?" என்றார்.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர், "எங்க விழுந்தீங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"வீட்டு வாசல்ல வழுக்கிடுச்சுங்க."

அதையே பதிவேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

அப்பா லேசில் பயப்படுகிறவர் அல்ல. கூலி உயர்வு கேட்டுச் சங்கத்தோடு நின்று அறுவடையை நிறுத்தியவர், போலீஸ் வேனில் ஏறியவர். ஆனால் எங்கள் குடிசை இருந்தது மில் முதலாளியின் நிலத்தில். குடியிருக்கிறவர்களுக்கே மனை சொந்தம் என்று சென்னையில் சட்டம் போட்டாயிற்று. தெருவில் பலருக்குப் பட்டாவும் வந்தாயிற்று. எங்களுடையது மட்டும் தாலுகா ஆபீசில் கிடந்தது. இந்த நேரத்தில் எதுக்கு வம்பு என்று நினைத்திருக்கிறார்.

மாவுக்கட்டோடு உட்கார்ந்து, பொங்கலுக்குத் தைக்க வந்திருந்த ஜாக்கெட் துணிகளை ஒவ்வொருவராக வந்து திரும்ப வாங்கிப்போவதைப் பார்த்தேன். ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு ரசீதை எடுத்துக்கொண்டு, அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு, திருத்துறைப்பூண்டிக்குப் பஸ் ஏறினேன்.

அங்கே ஒரு உரக்கடை மாடியில் ஒரு வக்கீல் இருந்தார். குடவாசல் பக்கம் நிலபுலன் இருந்து, எல்லாவற்றையும் விற்றுவிட்டு வந்த குடும்பம் என்று சொல்வார்கள். நிலக்காரர் வீட்டுப் பிள்ளை நமக்காகப் பேசுவாரா என்ற சந்தேகத்தோடுதான் படியேறினேன்.

அவர் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீங்களா உள்ள நுழையல. அரைக்க வந்தீங்க, எடை போட்டு உள்ள அனுப்பியிருக்காங்க. அப்படி வர்றவங்க நடக்குற வழியப் பத்திரமா வச்சிருக்க வேண்டியது அவங்க பொறுப்பு."

"என்ன செய்யலாம் சார்?"

"போலீசுல புகார் குடுக்கலாம். சிவில் கோர்ட்டுல நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம்; கோர்ட் ஃபீஸ் கட்ட முடியலன்னா அதுக்கும் தனியா மனு இருக்கு. எல்லாத்துக்கும் முன்னால ஒரு நோட்டீஸ் விட்டுப் பாக்கலாம்." ஆஸ்பத்திரிச் சீட்டைப் படித்ததும் நிமிர்ந்தார். "இதுல வீட்டுல விழுந்ததா இருக்கேம்மா?"

நான் நடந்ததைச் சொன்னேன். "அப்படின்னா அப்பா வந்து, தான் சொன்னது பொய்னு பிரமாணப் பத்திரம் குடுக்கணும். இல்லன்னா இந்த ஒரு வரிய வச்சே தப்பிச்சிடுவாங்க" என்றார்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார். மூன்றாம் நாள் காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, "பஸ்சுக்கு நேரமாவுது, கெளம்பு" என்றார்.

வக்கீல் எழுத எழுத வாசித்துக் காட்டினார். அப்பா நடுவில் நிறுத்தினார். "பொய் சொன்னேன்னு மட்டும் எழுதாதீங்க சார். பட்டா கெடைக்காமப் போயிடுமோன்னு பயந்து சொன்னேன்னும் எழுதுங்க."

"மனை சட்டப்படி உங்களுது ஐயா. அதையும் இதையும் போட்டுக் கொழப்பிக்காதீங்க. அதுக்கு நான் தனியா ஒரு மனு எழுதித் தர்றேன்."

நோட்டீஸ் போனது. வீட்டில் விழுந்துவிட்டு மில் மேல் பழி போடுகிறோம் என்று பதில் வந்தது. வக்கீல் ரசீதின் நகலையும் அப்பாவின் பத்திரத்தையும் இணைத்து இரண்டாவது நோட்டீஸ் அனுப்பினார். மாசி மாதம் முதலாளியின் மகனே உரக்கடை மாடிக்கு வந்தார். அப்பா எழுந்து நிற்கப் போனார். நான் அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

முதலாளியின் மகன் வைத்தியச் செலவும், தைக்க முடியாமல் போன மாதங்களுக்கு ஈடும் தர ஒப்புக்கொண்டார். "தவறு" என்ற சொல்லை மட்டும் எழுத மறுத்தார். "கவனக்குறைவு" என்று எழுத ஒருவழியாகச் சம்மதித்தார்.

வக்கீல் என்னைத் தனியே கூப்பிட்டார். "கோர்ட்டுக்குப் போனா இன்னும் கூடக் கெடைக்கலாம். ஆனா வருஷக்கணக்கா இழுக்கும். உங்க கை, உங்க முடிவு."

நான் யோசித்துவிட்டு, அந்தக் கால்வாய் முழுக்க நல்ல மூடி போடவேண்டும் என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னேன். எழுதினார்கள். கையெழுத்துப் போட்டேன். கோணல்மாணலாக வந்தாலும் வலது கையாலேயே போட்டேன்.

திரும்பும்போது பஸ்சில் அப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு உளுந்து வியாபாரி. எந்த ஊர் என்று அவர் கேட்டதுதான் தாமதம், அப்பா ஆரம்பித்துவிட்டார். எம்பொண்ணு வக்கீல் நோட்டீஸ் விட்டா தெரியுமா என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். கூச்சத்தில் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இறங்கும் வரை அவர் நிறுத்தவில்லை.